எந்த ஊர்த் தண்ணீர்?

“பல் வெளுக்க நல்ல பேஸ்ட் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள், பதில் சொல்ல நான் வாயைத் திறந்ததும் ஒரு கணம் தடுமாறுவார்கள். வழுக்கைத் தலையனிடம் முடி வளரத் தைலம் கேட்டுவிட்ட சங்கடம் அது. இப்போதாவது பரவாயில்லை. 2017-க்கு முன்பு வந்திருந்தால் பேச்சை மாற்றித் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

தருமபுரியில் 18 வருடங்களாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிறந்தது 1981-இல், பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூரில். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். என் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை ஓடும். டீ டிகாக்‌ஷன் சிந்தித் துடைக்காமல் விட்டது போன்ற நிறம். பட்டைக்கு மேலும் கீழும் சுண்ணாம்பு வெள்ளை. நடுப்பற்கள் இரண்டிலும் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் ‘காவி’ என்று பெயர். அப்போது அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்தில் தொடங்கி என் கல்யாண ஆல்பம் வரை எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். ஏதோ கடுங்கோபத்தில் தாலி கட்டியவன் போல இருக்கும். படம் எடுத்தவர் “கொஞ்சம் சிரியுங்கள் சார்” என்று எத்தனை முறை கெஞ்சினார் என்பது என் மனைவிக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே விளக்கம்தான்: பையன் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை. அப்பாவின் வாதம் அசைக்க முடியாதது. “உன் அக்காவும் இதே வீட்டுச் சோற்றைத்தானே தின்கிறாள்? அவள் பல் எப்படி இருக்கிறது? உன் தம்பி பல் எப்படி இருக்கிறது?” அக்காவின் பல் வரிசை முல்லை அரும்பு. தம்பிக்கும் அப்படியே. நடுப்பிள்ளை மட்டும் காவி. அம்மாவிடம் கூடுதல் சாட்சியம் வேறு இருந்தது: “முளைக்கும்போது வெள்ளைவெளேர் என்றுதானே இருந்தது! இவன்தான் கெடுத்துக்கொண்டான்.”

அப்பா செங்கல்லை உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக் கொடுத்தார். அதில் கல் உப்பைச் சேர்த்து விரலால் தேய்க்க வேண்டும். அடுப்புச் சாம்பல், கரித்தூள், வேப்பங்குச்சி, ஆலங்குச்சி எல்லாம் முறை வைத்து வந்தன. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது சரி, ஆனால் அந்தச் சொலவடை நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. பன்னிரண்டு வயதில் ஐஸ் வாங்கித் தின்ன முடியாத அளவுக்குப் பல் கூச்சம் வந்துவிட்டது. கறை மட்டும் அப்படியே இருந்தது.

பின்னாளில் மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்தேன். மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “சிகரெட் உண்டா? புகையிலை?” இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ஒருவர் என் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு இடத்தில் பல் சுத்தம் செய்தார்கள். ஈறோரம் இருந்த காரை போயிற்று, பட்டை போகவில்லை. இன்னொரு இடத்தில் வெளுக்கும் மருந்து பூசி நீல விளக்கைக் காட்டினார்கள். பட்டையைச் சுற்றியிருந்த வெள்ளை இன்னும் வெள்ளையாகி, பழுப்பு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்ததுதான் கண்ட பலன். மூன்று நாள் வெந்நீரைக்கூட ஆறவைத்துத்தான் குடித்தேன்.

2017-இல் சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனது எனக்காக அல்ல, மனைவியின் கடைவாய்ப் பல்லுக்காக. அவள் நாற்காலியில் சாய்ந்திருக்க, பக்கத்தில் நின்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என் வாயையே பார்த்தார். வழக்கமான கேள்விக்கு நான் தயாரானேன். அவர் கேட்டது வேறு.

“நீங்கள் எந்த ஊர்?”

“தருமபுரி.”

“பிறந்து வளர்ந்தது?”

சொன்னேன்.

“நான்கைந்து வயது வரைக்கும் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்? கிணறா, போரா?”

முப்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சரியான கேள்வி அது. வீட்டு வாசலில் 1980-இல் போட்ட அடிபம்பு என்று சொன்னேன். கிணறு வற்றிப்போன பிறகு போட்டது. தலையை ஆட்டிவிட்டு ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். “இடது நடுப்பல்லையும் வலது நடுப்பல்லையும் பாருங்கள். பட்டை ஒரே உயரத்தில் இருக்கிறதா? அடுத்த ஜோடியைப் பாருங்கள். அழுக்கு இப்படி அளவெடுத்து உட்காராது.”

ஃபுளோரோசிஸ். குடிநீரில் ஃபுளோரைடு என்ற தாது உப்பு மிஞ்சுவதால் வரும் நோய். நான் டி.பார்ம். படித்தவன். அந்தச் சொல்லைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். கண்ணாடியில் தினமும் பார்க்கும் வாயோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அக்கா பிறந்தது 1972-இல். அவள் குடித்தது ஊர்க் கிணற்று நீர். அடிபம்பு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. முன்பற்கள் ஈறுக்குள் முழுதாக உருவாகி முடிந்து, வெளியே வந்தும் விட்டன. அதன் பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தப் பல்லை ஒன்றும் செய்ய முடியாது. நான் 1981, பம்போடு பிறந்தவன். தம்பி 1986, அவன் பிறந்ததும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மேட்டூரில் அம்மாயி வீட்டில் ஐந்து வயது வரை வளர்ந்தான். காவிரித் தண்ணீர். மூன்று பிள்ளைகளின் வாயிலும் மூன்று தண்ணீரின் வரலாறு எழுதியிருந்தது. அதைத்தான் அப்பா சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் வைத்த ஒப்பீடு சரி, தீர்ப்புதான் தவறு.

நடந்தது இதுதான். நிரந்தர முன்பற்களின் மேலோடு, அதாவது எனாமல், பிறந்த சில மாதங்களில் ஈறுக்குள் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. முதலில் புரதத்தால் ஒரு சட்டம் கட்டப்படும். பிறகு புரதம் கரைந்து விலக, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் நிரப்பி இறுகும். குடிநீரில் ஃபுளோரைடு மிஞ்சினால் புரதம் முழுதாக விலகாது. எனாமலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நின்றுவிடும். பல் வெளியே வரும்போது அந்த இடம் சாக்பீஸ் போல வெளுத்திருக்கும். அம்மா சொன்ன ‘வெள்ளைவெளேர்’ உண்மைதான், நோயே அதுதான்! பிறகு சாப்பாட்டிலும் டீயிலும் இருக்கும் நிறமிகள் அந்தத் துளைகளுக்குள் இறங்கி, வருடக்கணக்கில் பழுப்பாகும். கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. செங்கல் பொடி என்ன செய்யும்?

பால்பற்கள் ஏன் தப்பின என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. அவற்றின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும். தாய் குடிக்கும் ஃபுளோரைடு முழுதாகக் குழந்தையிடம் போய்ச் சேராது. தாய்ப்பாலிலும் அது மிகக் குறைவு.

கடையில் கூட்டமில்லாத மதியங்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901-இல் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் பழுப்புக் கறையைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். காரணம் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. நடுவில் 1923-இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊருக்குப் போகிறார். ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் புதிதாகக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் கறையாயிற்று என்று அங்குள்ள தாய்மார்கள் சொல்கிறார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்குப் போங்கள் என்கிறார் மெக்கே. சில வருடங்களில் புதிதாக முளைத்த பற்கள் நன்றாக வருகின்றன. தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று 1931-இல் ஒரு அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தார். அந்தத் தாய்மார்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா நினைவுதான் வரும். எங்கள் வீட்டிலும் எல்லாச் சாட்சியமும் இருந்தது. கேட்க ஒரு மெக்கே வரவில்லை.

இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது பக்கத்துச் செய்தி. ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இதே நோயைப் பார்த்து, பல் மட்டுமல்ல, எலும்பும் இதனால் இறுகிப்போகிறது என்று 1937-லேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அடிபம்பு அதற்கு 43 வருடம் கழித்துப் போடப்பட்டது. துளை போட்டவர்கள் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். தண்ணீரில் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. வறட்சி. குளத்து நீரைக் குடித்துப் பேதியில் குழந்தைகள் போய்க்கொண்டிருந்த காலம். அடிபம்பு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். காப்பாற்றிய கையோடு எங்கள் பல்லில் ஒரு முத்திரையும் குத்திவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் தரைக்குக் கீழே கடும்பாறை. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் மெல்ல மெல்ல நீரில் கரைகின்றன. ஆழ்துளைக்குள் பல காலமாக அடைந்து கிடக்கும் நீரில் அது கூடுகிறது. மழை நீரில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. எங்கள் வாசல் பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தேன். 3.2 என்று வந்தது. அந்தத் தண்ணீரில்தான் சோறு வெந்தது, ராகிக் களி கிண்டியது, டீ கொதித்தது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற மீதியில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். பெரியப்பாவுக்குக் கடைசிப் பத்து வருடம் முதுகு வளையவில்லை. கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்புவார். அதை எல்லாரும் வயது என்றார்கள். அவருக்கு 55.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கடையில் நான் மாறிப்போனேன் என்பது என் மனைவியின் புகார். பேஸ்ட் கேட்டு வருகிறவரிடம் விற்பதை விட்டுவிட்டு விசாரணை நடத்துகிறேனாம். உண்மைதான். எல்லாக் கறையும் ஒரே கறை அல்ல; எது என்று தெரியாமல் பேஸ்ட் விற்பது குருட்டு வைத்தியம்.

போன மாதம் ஒரு பெண் தன் இரண்டு வயதுக் குழந்தையோடு பதறிக்கொண்டு வந்தாள். பற்களெல்லாம் கறுப்புக் கோடு. வீட்டில் மாமியார் எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். இரும்புச் சத்து டானிக் கொடுக்கிறாயா அம்மா என்று கேட்டேன். நம் கடையில் வாங்கியதுதான். அது மேலே படிகிற கறை, பல் மருத்துவர் தேய்த்தால் போய்விடும். மருந்தை நாக்கின் பின்பக்கமாக விடு, கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடு, இதற்குப் பயந்து டானிக்கை நிறுத்திவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து இன்னொன்று. மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுப்பார். வாய் மணக்கிறதே என்று ஆறு மாதம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். பிறகு பல் பழுப்பாகிவிட்டது என்று என்னிடமே வந்து நிற்பார்கள். டீ குடிக்கிறவர்களுக்கு இன்னும் வேகமாக ஏறும். இதுவும் மேல்கறைதான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, பீடி, காபி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றைச் சுத்தம் செய்து எடுக்கலாம், பழக்கத்தை விடாவிட்டால் மறுபடி வரும். பல்பொடியில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 1992-லேயே தடை வந்துவிட்டது. பல்பொடி தேய்த்தால் தலை லேசாகக் கிறுகிறுக்கிறது, அதனால் நல்ல பொடி என்று யாராவது சொன்னால் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

டெட்ராசைக்ளின் கதை சோகமானது. ஒரு காலத்தில் சளிக்கும் காய்ச்சலுக்கும் குழந்தைகளுக்கு அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது போய்க் கலந்துவிடும். முளைக்கும்போது மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாம்பல் அல்லது பழுப்பு. கர்ப்பத்தின் பிற்பாதியில் தாய் சாப்பிட்டாலும் பிள்ளையின் பல்லுக்கு வரும். எட்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கக் கூடாது என்பது மருந்துக்கடைக்காரனுக்கு அரிச்சுவடி. என் வயதுக்காரர்கள் பலர் சாம்பல் பல்லோடு இருப்பதைப் பார்த்தால், அந்தக் காலத்தில் அரிச்சுவடியை யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் நான் பேஸ்ட் எடுக்கவே மாட்டேன். அது பெரும்பாலும் எப்போதோ அடிபட்ட பல். கிரிக்கெட் பந்தோ, சைக்கிளிலிருந்து விழுந்ததோ. உள்ளே இரத்த ஓட்டம் நின்று பல் செத்திருக்கலாம். வலி இருக்காது, அதனால் விட்டுவிடுவார்கள். ஒருநாள் வேரடியில் சீழ் வைக்கும். நேரே மருத்துவரிடம் போகச் சொல்வேன். ஈறோரமாகப் புதிதாக வெள்ளைப் புள்ளி வந்து பழுப்பாகிறது என்றாலும் அப்படித்தான். அது சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். வயதானவர்கள் பல் மஞ்சளாகிவிட்டது என்று வந்தால் மட்டும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவேன். மேலோடு தேயத் தேய உள்ளே இருக்கும் டென்டின் தெரிகிறது, அதன் நிறமே மஞ்சள்தான், தலை நரைக்கவில்லையா?

எலுமிச்சம்பழத்தில் சமையல் சோடாவைக் கலந்து தேய்க்கும் காணொளிகளைக் காட்டி அது சரியா என்று கேட்கிற இளைஞர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அமிலம் எனாமலை இளக்கும், இளகியதைத் தேய்த்தால் போய்விடும். போனது திரும்ப வளராது. கரி பேஸ்ட்டும் எங்கள் அப்பாவின் கரித்தூளும் ஒன்றுதான். டப்பாதான் அழகாக இருக்கிறது.

சரி, என் பல்லுக்கு என்ன செய்தேன்?

சேலத்து டாக்டர் சில வழிகளைச் சொன்னார். பல்லின் முகத்தைச் சீவி எடுத்துவிட்டு மேலே பீங்கான் தகடு ஒட்டும் வெனீர், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் சீவியது சீவியதுதான், சில வருடங்களில் தகட்டை மாற்றவும் வேண்டி வரலாம். “உங்கள் பல்லில் ஒரு சொத்தைகூட இல்லை, அதை ஏன் சீவ வேண்டும்? முதலில் சின்ன வேலையைச் செய்து பார்ப்போம்” என்றார். பெரிய வேலையைத் தள்ளி வைத்த அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

அந்தச் சின்ன வேலைக்கு மைக்ரோ அப்ரேஷன், அதாவது மிக மெல்லிசாகத் தேய்த்தெடுப்பது, என்று பெயர். ஈறில் படாமல் பற்களைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டினார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் எரிமலைக் கல் தூளும் கலந்த களிம்பை வைத்து, மெதுவாகச் சுழலும் ஒரு சிறு ரப்பர் கிண்ணத்தால் சில விநாடிகள் தேய்ப்பது, கழுவுவது, மறுபடி தேய்ப்பது. போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். செங்கல் பொடியை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்பாவும் இதைத்தான் செய்யப் பார்த்தார், அமிலமும் அளவும் தெரியாமல். (இதைப் படித்துவிட்டுக் கழிவறை கழுவும் அமிலத்தை எடுக்காதீர்கள். எடுக்கக்கூடியவர்கள் எனக்குத் தெரியும்.) இரண்டு முறை அப்படிச் செய்தார்கள். பிறகு என் பல் அளவுக்கே செய்த ஒரு மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து மூன்று வாரம் இரவில் மாட்டிக்கொண்டு படுத்தேன். முன்பு பட்ட அனுபவத்தால் பல் கூச்சத்துக்குப் பயந்திருந்தேன். இது மெதுவான மருந்து, அவ்வளவாக இல்லை. கூசிய நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாட்டச் சொன்னார். கடைசியாக நடுப்பற்களின் குழிகளைப் பல் நிறக் காம்போசிட்டால் அடைத்தார். மொத்தச் செலவு ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

விளம்பரப் பல்லாக ஆகிவிடவில்லை. பட்டை இப்போது பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. வெயிலில் நின்று சிரித்தால் தெரியும். ஆனால் வெயிலில் நின்று சிரிக்கிறேன்.

சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. பால்பல் ஒன்றும் விழவில்லை. உள்ளே அவளுடைய நிரந்தர முன்பற்கள் ஏறக்குறைய எழுதி முடிக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் பிறந்தது 2012-இல். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு 1928 கோடி ரூபாய்; தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீர். திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது, அதைப் பலமுறை பலகையில் பார்த்தும் நான் யோசித்ததில்லை. எங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்னான மாதங்களில் அவளுக்கு எதில் கஞ்சி காய்ச்சினோம் என்று நானும் மனைவியும் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தோம். வீட்டு போர் தண்ணீரில் பாதி, கேன் தண்ணீரில் பாதி.

அதோடு போயிற்றா? ஸ்ட்ராபெர்ரி மணம் போட்ட பேஸ்ட்டை அவள் மிட்டாய் போலத் தின்றாள். கடையிலிருந்து நானே எடுத்து வந்து கொடுத்தது. ஃபுளோரைடு பேஸ்ட் சொத்தையைத் தடுக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே விற்கும் பேஸ்ட்டில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, துப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்க வேண்டும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையலையாகப் பிதுக்குவார்களே, அது பேஸ்ட் விற்பதற்கான அளவு. இந்த எச்சரிக்கையை எத்தனையோ தாய்மார்களுக்குக் கடையில் சொன்னவன், வீட்டில் பின்பற்றவில்லை.

2019-இல் அவளுக்கு மேல் நடுப்பற்கள் வந்தன. தினமும் காலையில் டார்ச் லைட்டோடு அவள் வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் எரிச்சலில் என் விரலைக் கடித்திருக்கிறாள். பழுப்பு இல்லை. குழி இல்லை. ஓரத்தில் காகித நார் போல இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள், பல்லைத் துணியால் துடைத்துக் காயவிட்டால் மட்டும் தெரியும். மிக லேசானது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். கஞ்சித் தண்ணீராலா, ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட்டாலா என்று கேட்டேன். அதைப் பல் சொல்லாது என்றார்.

உங்கள் ஊரில் போர் தண்ணீர்தான் என்றால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ஒரு முறையாவது சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். மாவட்டந்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது. சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டிக்கும் பானைக்கும் ஃபுளோரைடு அகப்படாது, ஆர்.ஓ. எடுக்கும். நல்ல கூரையில் பிடித்த மழைநீர் அதைவிட மலிவு. ஊரில் எல்லாரும் குடிக்கிறார்களே என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரிலும் எல்லாரும்தான் குடித்தோம்.

அப்பாவுக்கு இப்போது 78. ஊரில்தான் இருக்கிறார். 3.2 என்று வந்த அந்தச் சோதனைத் தாளை அன்று அவரிடம் காட்டி, அக்கா கணக்கு, தம்பி கணக்கு எல்லாம் சொன்னேன். நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல் பொடியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “அந்தப் பம்பில் முதல் தண்ணீர் வந்த அன்றைக்கு ஊரே கூடிப் பொங்கல் வைத்தோம்” என்றார்.

குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனால் அதில் டீ போட்டால் ருசி இல்லை என்று இன்றும் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு வாசல் பம்புக்குத்தான் போகிறார். பல்லுக்கு இனி ஒன்றும் ஆகாது அப்பா, எலும்புக்கு ஆகும், பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை போடுகிறேன். போகும்போதெல்லாம் இருபது லிட்டர் கேன் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, அதற்கு முந்தின வாரம் வைத்த கேனின் மூடி பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்திருந்தார்.